ஞானசௌந்தரி வீட்டு முளைப்பயறு

ராயப்பன் முகப்பேர் வீட்டைவிட்டுப் போனது 1988 டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை. வீட்டைவிட்டுப் போனார் என்று சொல்வதுகூடச் சரியில்லை. அன்று அவர் வீட்டுக்குள் வரவே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்த ஆட்டோ எங்கள் பிளாக் வாசலில் நின்றது. அவர் பின்சீட்டில் உட்கார்ந்து டிரைவரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தங்கை அருள்செல்வி மட்டும் இறங்கி முதல் மாடிக்குப் போய், அண்ணனின் சட்டைகளையும் லுங்கிகளையும் ஒரு ரெக்ஸின் பையில் திணித்துக்கொண்டு வந்தாள். பின்னாலேயே ராயப்பனின் மனைவி ஞானசௌந்தரி இறங்கி வந்தாள். கையில் டிபன் டப்பா.

"இன்னா அண்ணி இது?"

"பச்சப்பயிறு. இன்னிக்கு மொளச்சது. ஆவடி போறதுக்குள்ள அவருக்குப் பசிக்கும்."

அருள்செல்வி டப்பாவை வாங்கித் திறந்தாள். வாசலை ஒட்டி ஓடிய சாக்கடையில் அப்படியே கவிழ்த்தாள்.

"ஒருவாட்டி வெச்சது பத்தலையா? மிச்சம் உசுரு கீதேன்னு வருத்தமா?"

பால்கனிகளில் நின்ற யாரும் உள்ளே போகவில்லை. ஞானசௌந்தரி கையை நீட்டினாள். "டப்பாவக் குடு" என்றாள். அருள்செல்வி அதைக் கீழே போட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினாள். ஆட்டோ திரும்பிப் போனது. ராயப்பன் தலையைத் திருப்பவில்லை.

ஞானசௌந்தரியை எங்கள் பிளாக்கில் யாருக்கும் பிடிக்காது. இரண்டாவது மாடியில் இருந்த எங்களுக்கும் பிடிக்காது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஸ்க்ரூ கம்பெனியில் அவளுக்கு வேலை. மரை சரியில்லாத ஸ்க்ரூவைப் பொறுக்கித் தள்ளும் பிரிவில் பதினைந்து வருஷம் இருந்தவள். அந்தக் கண்ணோடுதான் வீட்டுக்கும் வருவாள். எங்கள் கோலம் கோணல், எங்கள் சாம்பார் தண்ணி, எங்கள் பிள்ளைகள் சளி. கேட்காமலே சொல்வாள். குழந்தை இல்லாதவள் என்று பின்னால் பேசினார்கள். அதையும் அவள் காதில் விழும்படியே பேசினார்கள்.

ராயப்பன் அதே எஸ்டேட்டில் வேறொரு கம்பெனியில் லேத் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராகக் கறிக்கடைக்குப் போகும் மனுஷர். சத்தமாகச் சிரிப்பார், சத்தமாகச் சாப்பிடுவார். வருஷா வருஷம் எங்கள் மாடிப்படிக்குக் கீழே கிறிஸ்துமஸ் குடில் கட்டுவார். மூன்று இந்துக் குடும்பங்களும் ஒரு முஸ்லிம் குடும்பமும் அதற்குப் பழைய அட்டைப்பெட்டி கொடுக்கும். அவரை எல்லோருக்கும் பிடிக்கும். அதனால் அவளை இன்னும் பிடிக்காமல் போனது.

1985இல் கம்பெனியில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. நிறையவே இருந்தது. மாத்திரை எழுதிய டாக்டர், சோற்றைக் குறைத்து முளைகட்டிய பயறு நிறையச் சாப்பிடச் சொன்னார். டாக்டர் நூறு பேருக்குச் சொல்வதை ராயப்பனுக்கும் சொன்னார். கேட்டுக்கொண்டது ஞானசௌந்தரி.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. ராயப்பனின் அப்பாவும் சர்க்கரைக்காரர். கல்யாணமாகி வந்த புதிதில் அந்தக் கிழவரின் காலுக்குக் கட்டுப் போட்டவள் அவள்தான். முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்கால் வரைக்கும் எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் துணியை அவிழ்த்தது அவள். அருள்செல்வி அந்த நாட்களில் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலோடு நின்று போனவள்.

"உங்கப்பாவ ஒத்தக் காலோட பொட்டில வெச்சோம். உங்கள ரெண்டு காலோட வெக்கிறேனா இல்லியா பாருங்க" என்று ராயப்பனிடம் சொன்னாள். அதைத்தான் அவள் ஆசையாகப் பேசிய பேச்சு என்று அவர் பிறகு கம்பெனியில் சொல்லிச் சிரித்தாராம்.

முளைகட்டுவதை அவள் கம்பெனி வேலை மாதிரியே செய்தாள். பயறை முறத்தில் கொட்டிச் சொத்தை, உடைந்தது, கல் மாதிரி இறுகினது எல்லாவற்றையும் பொறுக்குவாள். கல்பயறு ஊறாது, முளைக்காது, பல்லை உடைக்கும். சாயங்காலம் ஊறப்போட்டுக் காலையில் ஒட்ட வடிப்பாள். பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து அதில் மூட்டையாகக் கட்டி, சமையலறை ஜன்னல் கம்பியில் தொங்கவிடுவாள். வேலைக்குப் போகுமுன் ஒரு தரம், வந்ததும் ஒரு தரம் மூட்டையை அவிழ்த்து அலசிக் கட்டுவாள். பச்சைப்பயறு, கொள்ளு, வெந்தயம், கொண்டைக்கடலை என்று நாலு மூட்டை எப்போதும் அந்த ஜன்னலில் தொங்கும். தெருவிலிருந்து பார்த்தால் அணில் கூடு கட்டியதுபோல் இருக்கும்.

சண்டை முதலில் தண்ணீரில் வந்தது. எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதில் அலசினால் முளை பழுத்துப்போகிறது என்று, லாரியில் வரும் குடிதண்ணீரில் அவள் பயறை அலசினாள். லாரிக் குழாய் பிடிக்கும் வேம்புலி ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டான்.

"யம்மா, மனுசன் வாய் நனைக்கவே தண்ணி இல்ல. நீ பயிறக் குளிப்பாட்டினு கீறியா?"

"என் கொடம். நான் குடிச்சா இன்னா, கொட்டுனா இன்னா?"

"அப்ப உன் பயிறுக்குத் தனியா ஒரு ரேஷன் கார்டு போட்டுக்க."

வரிசை முழுக்கச் சிரித்தது. அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அடுத்த லாரிக்கும் அதே குடத்தோடு வந்தாள்.

அடுத்த சண்டை ராயப்பனோடு. தினமும் காலையில் ஒரு கிண்ணம் முளைப்பயறை எலுமிச்சம்பழம் பிழிந்து தேங்காய் தூவி வைப்பாள். அவர் தின்றதாகத்தான் அவள் நினைத்தாள். ஒரு மழைக்காலத்தில் தரைத்தள வீட்டு தாட்சாயிணி மேலே பார்த்துக் குரல் கொடுத்தாள். கள்ளிக்குப்பத்தில் நிலம் வைத்திருந்த குடும்பத்துப் பெண் அவள்.

"யக்கா, உன் ஊட்டுக்காரரு இங்க வெவசாயம் பண்றாரு. வந்து பாரு."

ஜன்னலுக்கு நேர் கீழே, தாட்சாயிணியின் கனகாம்பரத்துக்கு நடுவில், பச்சைப்பயறுச் செடிகள் கொத்தாக வளர்ந்திருந்தன. இரண்டில் பூ வைத்திருந்தது. மாடியிலிருந்து கிண்ணம் கிண்ணமாகக் கொட்டியது பாதி காக்கைக்கும் பாதி மண்ணுக்கும் போயிருந்தது. ஞானசௌந்தரி செடிகளைப் பிடுங்கிக்கொண்டு மேலே போனாள். அன்றிலிருந்து அவர் கடைசி வாய் மெல்லும்வரை எதிரில் நின்றாள். கம்பெனி பஸ் கீழே ஹாரன் அடித்தாலும் நகரமாட்டாள்.

1988இல் கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் அவள் செய்ததை எங்கள் அம்மாகூட மன்னிக்கவில்லை. ராயப்பனின் கம்பெனிக்கே போய், கேன்டீன்காரரைக் கூப்பிட்டு, "இவரு சர்க்கரை ஆளு. சோறு போடாத. கேட்டாலும் போடாத" என்று சொல்லிவிட்டு வந்தாள். ஷிப்ட் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று மத்தியானம் அவர் தட்டோடு நின்றபோது ஒருவன் "மாமேக்கு மட்டும் மொளச்சது வை" என்றான். 'மொளச்சது' என்ற பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்கு வந்து அவர் கத்தவில்லை. பேச்சை நிறுத்தினார். அவளும் நிறுத்தினாள். ஆனால் ஒரே வீட்டில் இருப்பவர்கள் எதையாவது சொல்லித்தானே ஆகவேண்டும். இரண்டு பேரும் சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்துப் பேசினார்கள். எங்கள் வீட்டுக்கே கேட்கும்.

"மாதாவே, சாப்பாடு வெச்சிக்கீது. ஆறிப்போவுதுன்னு சொல்லு."

"மாதாவே, ஆறட்டும்னு சொல்லு. மாட்டுக்கு வெக்கிறத ஆறவெச்சா இன்னா, சூடா வெச்சா இன்னா?"

"மாதாவே, மாடு ரெண்டு காலு வெச்சிருக்குதேன்னு சந்தோசப்படச் சொல்லு."

மாதாவுக்குத் தெரியாமல் அந்த வீட்டில் நடந்தது ஒன்றே ஒன்றுதான்.

டிசம்பரில் ராயப்பன் மொட்டை மாடியில் குடில் வேலையை ஆரம்பித்தார். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் குடிலுக்கு உயிருள்ள புல் வேண்டும். அதற்காகப் பண்டிகைக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பே கம்போ கேழ்வரகோ ஊறவைத்துத் தட்டுகளில் மண் போட்டுத் தூவுவார்கள். பாலன் இயேசுவைப் படுக்கவைக்கும் நாளில் புல் ஒரு சாண் உயரம் வந்திருக்கும். அந்த வருஷம் பூந்தமல்லிப் பக்கத்து நண்பர் மதுரைவீரன் விதைப்புக்கு வாங்கி மிஞ்சிய கம்பை ஒரு சின்னப் பையில் கொடுத்திருந்தார். பூச்சியும் பூஞ்சையும் பிடிக்காமல் இருக்க மருந்து தடவிய விதை. ரோஜா நிறத்தில் இருக்கும். "கோழி கொத்தாம பாத்துக்க" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

ஞானசௌந்தரி காலை ஷிப்டுக்குப் போயிருந்த நேரம் ராயப்பன் அந்தக் கம்பில் பாதியை ஊறவைத்தார். பாத்திரம் தேட அவருக்குப் பொறுமை கிடையாது. ஜன்னலோரம் அவள் பயறு ஊறப்போடும் எவர்சில்வர் கிண்ணம் இருந்தது. அதிலேயே போட்டார். தண்ணீர் சிவப்பாக இறங்க, கொட்டிக் கொட்டி வேறு தண்ணீர் மாற்றினார். நிறம் முழுக்கப் போனது. அன்று மத்தியானமே தட்டுகளுக்கு வேண்டியதை அள்ளிக்கொண்டு மாடிக்குப் போனார். மிஞ்சிய இரண்டு கை கம்பைக் கிண்ணத்திலேயே விட்டுவிட்டார். மறந்தும் போனார்.

ஷிப்ட் முடிந்து வந்த ஞானசௌந்தரி கிண்ணத்தைப் பார்த்தாள். சுத்தமாக அலசிய கம்பு, அவளுடைய கிண்ணத்தில், அவள் வைக்கும் இடத்தில், பதமாக ஊறியிருந்தது.

அந்த வீட்டில் மூன்று வருஷமாக அவரைத் தவிர வேறு யாரும் அந்தக் கிண்ணத்தைத் தொட வழியில்லை. அவரும் தொட்டதில்லை. அவள் அதை ஒரே ஒரு விதமாகத்தான் புரிந்துகொண்டாள். மனுஷர் இறங்கி வந்துவிட்டார். வாயால் சொல்ல வெட்கம், கையால் சொல்லிவிட்டார். அவளே இதைப் பிறகு என் அம்மாவிடம் சொன்னாள். இறங்கி வந்தவரைக் குத்திக்காட்டக் கூடாது என்று மாதாவிடம்கூட அதைப்பற்றி வாய் திறக்கவில்லையாம். கம்பை வடித்துத் துணியில் கட்டித் தொங்கவிட்டாள். முளை வெள்ளையாக எட்டிப் பார்த்ததும் பச்சைப்பயறோடு கலந்து, வழக்கத்தைவிட அதிகமாகத் தேங்காய் போட்டு, அவர் முன்னால் வைத்தாள். ருசி பார்க்க ஒரு ஸ்பூன் தானும் தின்றாள். அவர் தலை குனிந்தபடி எல்லாவற்றையும் தின்று முடித்தார். எதிரில் அவள் நின்றாளே, தின்னாமல் எங்கே போவது.

பத்து மணிக்கு லேத் பக்கத்திலேயே ராயப்பன் வாந்தி எடுத்து விழுந்தார். கம்பெனி வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, கைகால் இழுத்தது. இரண்டு நாள் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. அதே காலையில் ஞானசௌந்தரியும் ஸ்க்ரூ கம்பெனிக் கக்கூசில் வாந்தி எடுத்தாள். அதை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டார். "மொளகட்டின பயிறும் கம்பும்" என்றாள். அந்த நேரம் ராயப்பனுக்கு நினைவு தெளிந்திருந்தது. கம்பு என்ற சொல்லைக் கேட்டதும் அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். மறுபடி மூடிக்கொண்டார்.

அருள்செல்வி வார்டிலேயே ஆரம்பித்துவிட்டாள். அண்ணி ஊசிப்போனதைத் தின்னவைத்தாள் என்று முதல் நாள் சொன்னாள். அடுத்த நாள் வேண்டுமென்றே செய்தாள் என்றாள். மூன்றாம் நாள் விஷம் என்றாள். எங்கள் பிளாக் அதை நம்பியது. நம்புவதற்கு எங்களுக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. அப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமை ஆட்டோ வந்து நின்றது.

மறுநாள் தாட்சாயிணி துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போனாள். போன வேகத்தில் இறங்கி வந்து முதல் மாடிக் கதவைத் தட்டினாள். அந்தக் கதவை அவள் தட்டியது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

"யக்கா, மேல வா. உன் ஊட்டுக்காரரு கம்பு போட்டு வெச்சிக்கிறாரு."

கசியும் தண்ணீர் தொட்டி நிழலில், பாதி கட்டிய அட்டை மலைக்குப் பக்கத்தில், ஏழெட்டுத் தட்டுகளில் கம்பு பச்சைப்பசேலென்று நின்றது. பக்கத்தில் மதுரைவீரன் கொடுத்த பை. ஞானசௌந்தரி உள்ளே கைவிட்டு எடுத்தாள். விரலெல்லாம் ரோஜா நிறம்.

"இது வெதக் கம்பு. மருந்து வெச்சது. இத்த யாரும் துண்ண மாட்டாங்க" என்றாள் தாட்சாயிணி. பிறகு மெதுவாக, "இத்தயா யக்கா மொளகட்டின?" என்றாள்.

ஞானசௌந்தரி பையின் வாயைச் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

கிறிஸ்துமஸ் அன்று பூசைக்குப் போகாமல் ஆவடிக்கு பஸ் ஏறினாள். தாட்சாயிணியும் கூடப் போனாள். துணைக்கா வேடிக்கைக்கா என்று அவளுக்கே தெரியாது. அருள்செல்வி வீட்டு வாசலில் நட்சத்திர விளக்கு தொங்கியது, உள்ளே கறி வாசம். ராயப்பன் சோபாவில் சாய்ந்திருந்தார். முன்னால் இருந்த தட்டில் பிரியாணி.

"பண்டிகை நாளும் அதுவுமா எதுக்கு வந்தீங்க அண்ணி?" என்று அருள்செல்வி வாசலை மறித்தாள்.

ஞானசௌந்தரி அவளைத் தாண்டிப் பையை உள்ளே வீசினாள். சிவப்புக் கம்பு தரையெல்லாம் சிதறியது.

"இத்த யாரு ஊற வெச்சதுன்னு உங்க அண்ணனக் கேளு."

அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அன்று மாதா படம் இல்லை. ராயப்பன் நேராக அவளைப் பார்த்துப் பேசவேண்டியிருந்தது.

"நான்தான் வெச்சேன். குடிலுக்கு வெச்சேன். உன்ன யாரு எடுக்கச் சொன்னது?"

"என் கிண்ணத்துல வெச்சீங்களே. மனசு மாறி நீங்களே ஊற வெச்சிக்கிறீங்கன்னு நெனச்சேன்."

"நானா?" என்று அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"டாக்டரு கேட்டாரே. கம்புன்னு நான் சொன்னப்போ கண்ணத் தொறந்து பாத்தீங்களே. அப்பவே தெரியுமில்ல உங்களுக்கு? உங்க தங்கச்சி என்னிய வெஷம் வெச்சவன்னு வார்டு முழுக்கச் சொன்னாளே, ஏன் பேசாம கீந்தீங்க?"

அருள்செல்வி அண்ணனைப் பார்த்தாள். அவளுக்கும் அது புதுச் செய்தி.

"சொல்லிருந்தா," என்றார் ராயப்பன், "திரும்பி உன் ஊட்டுக்குத்தான வரணும்?"

மீதியைத் தாட்சாயிணிதான் எங்களிடம் சொன்னாள். ஞானசௌந்தரி கொஞ்ச நேரம் அவர் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். "தின்னுங்க" என்றாளாம். "நல்லாத் தின்னுங்க."

தாட்சாயிணி மூலம் பிளாக் முழுக்க உண்மை தெரிந்தது. அதனால் அவளை யாருக்கும் பிடித்துவிடவில்லை. அதுவரை விஷம் வைத்தவள் என்று வெறுத்தோம். அதற்குப் பிறகு, புருஷன் உண்மையை மறைத்தாவது தப்பித்து ஓடும்படி நடந்துகொண்டவள் என்று வெறுத்தோம். அருள்செல்வி மட்டும் தன் பக்கத்துக்கு ஒரு வரி கண்டுபிடித்திருந்தாள்: "அப்பவும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?" எங்கள் பிளாக்கும் அதையே சொன்னது.

அந்த வருஷம் குடில் இல்லை. தட்டுகளில் கம்பு பழுத்துக் காய்ந்தது.

ராயப்பன் ஆவடியிலேயே தங்கிவிட்டார். அங்கிருந்தே வேலைக்குப் போனார். 1992இல் வலது காலில் இரண்டு விரல் எடுத்தார்கள் என்று செய்தி வந்தது. ஞானசௌந்தரி போகவில்லை. லாரி வரிசையில் வேம்புலி, "யம்மா, அண்ணாத்தேயப் பாக்கப் போலியா?" என்று கேட்டான். "கூப்ட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுக் குடத்தை நகர்த்தினாள். 1993இல் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது எல்லோரும் அவள் ஜன்னலைத்தான் பார்த்தோம். நாலு மூட்டை ஒன்றானது. அந்த ஒன்றும் நிற்கவில்லை. தனக்கு வந்த ஒரு குடத்தில் சோற்றைக் குறைத்துக்கொண்டு பயறை அலசினாள். அவளுக்குச் சர்க்கரை கிடையாது. ஏன் செய்கிறாய் என்று கேட்டால், வேலையில்லாத கேள்வி என்பாள்.

நான் அந்த வருஷக் கடைசியில் ஊரைவிட்டுக் கிளம்பினேன். பூனா, கல்கத்தா, பிறகு கடல் தாண்டி ஒரு இடம் என்று நிற்காமல் சுற்றிவிட்டு 1997 பிப்ரவரியில் திரும்பியபோது, தெருமுனையிலிருந்து எனக்கு அடையாளம் தெரிந்த ஒரே பொருள் அந்த ஜன்னல் மூட்டைதான். எரிச்சலாகத்தான் இருந்தது.

திரும்பி இரண்டு வாரம் ஆகியிருக்கும். மின்சார பில் விஷயமாக முதல் மாடி வாசலில் அவளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ஆட்டோக்காரர் படியேறி வந்தார். காக்கிச் சட்டை, வியர்வை. அருள்செல்வி வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருப்பவர், பெயர் பரந்தாமன் என்றார்.

"ராயப்பண்ணன் அனுப்பினாரு. தங்கச்சி ஊட்ல கீழ் ரூம்ல தனியாத்தான் கீறாரு. தங்கச்சிக்கு மருமகப் பொண்ணு வந்தப்புறம் அவருக்குன்னு தனியா யாரு செய்யறாங்க? டாக்டரு வேற முழுக் காலும் போயிடும்னு பயமுறுத்திட்டாரு."

ஞானசௌந்தரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அத்தொட்டு இன்னா இப்ப?"

"அவரே பச்சப்பயிறு ஊறப்போட்டாரும்மா. மூணு வாட்டி போட்டாரு. மூணு வாட்டியும் கொழகொழன்னு ஆயி நாறிப்போச்சு. எத்தினி நேரம் ஊறணும், துணிய எப்பிடிக் கட்டணும்னு உங்களக் கேட்டுகினு வரச் சொன்னாரு."

"வேற இன்னா சொன்னாரு?"

பரந்தாமன் என்னைப் பார்த்தார், பிறகு படியைப் பார்த்தார்.

"கேட்டுகினு மட்டும் வா, அவளக் கூட்டிகினு வந்துடாதன்னாரு."